1 கிலோவாட் நீர் டர்பைன்: பெங்களூரில் வாங்குமுன்

அல்சூரில் வீடு, குடகில் காப்பித் தோட்டம் என்று இருக்கும் நம்மவர்கள் பலர் ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் இந்தச் சின்ன டர்பைனைத் தேடுகிறார்கள். இயந்திரம் உறுதியானதுதான். தண்ணீரைப் பற்றித்தான் கடைக்காரர் முழுசாகச் சொல்வதில்லை.

பெட்டிமேல் போட்டிருக்கும் 1 கிலோவாட் கிடைக்க, 20 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10 லிட்டர் விழ வேண்டும். அதுவும் பாதி சக்தி வீணாகும் என்ற கணக்கில். 20 லிட்டர் வாளி 2 நொடியில் நிரம்புகிறதா என்று ஏப்ரலில் பாருங்கள். ஆடி மாத ஓடையை நம்பி வாங்கினால் கோடை முழுக்க இருட்டுதான்.

பெரிய ஏமாற்றம் குழாயில். செலவு மிச்சம் என்று 2 அங்குல பிவிசி போட்டால், 100 மீட்டர் ஓடுவதற்குள் அந்த 20 மீட்டர் அழுத்தமும் உராய்விலேயே தீர்ந்துவிடும். 4 அங்குலத்தில் இழப்பு ஒன்றரை மீட்டருக்குள். குழாய்ச் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

மழையில் வரும் மணல், தண்ணீரைப் பீய்ச்சும் நாசிலையும் அது பட்டுச் சுழலும் சக்கரத்தின் கிண்ணங்களையும் அரிக்கும். மண் படியும் தொட்டியும் வலையும் இல்லாமல் ஓட்டவே கூடாது. வலையில் அடைக்கும் இலையை மழைக்காலத்தில் தினமும் அள்ள ஆள் வேண்டும்.

வீட்டில் விளக்கெல்லாம் அணைத்ததும் சுமை போய் டர்பைன் தறிகெட்டுச் சுழலும், வோல்டேஜ் எகிறி பல்பு போகும். உபரி மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பும் கன்ட்ரோலர் தனி விலை என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். வால்வைப் படாரென்று மூடினால் குழாயும் வெடிக்கலாம்.

கோடையிலும் ஓடை வற்றாதவர்களுக்கு மட்டும் வாங்கச் சொல்வோம்.