மல்வத்தையா, பேராதனை மரங்களா?

அட்டனிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகும். இலங்கைக்கும் இன்னொரு நாட்டுக்கும் உள்ள நட்பின் அடையாளம் ஒன்றைப் பார்க்க ஆசையென்றால் அங்கேயே தாவரவியல் பூங்காவில் இறங்கலாம். இல்லை, டவுன் வரை போய் வாவிக்கரையோரமாக மல்வத்தை என்ற பௌத்த விகாரைக்கு நடக்கலாம்.

என் ஓட்டு மல்வத்தைக்கு. இலங்கையில் பிக்குகளின் உபசம்பதை மரபு, அதாவது முழுத் துறவு தீட்சை கொடுக்கும் மரபு, அறுந்துபோயிருந்த காலம் அது. கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, தூது அனுப்பினான். 1753இல் உபாலி தேரர் தலைமையில் வந்த பிக்குகள் மரபை மீட்டுக் கொடுத்தார்கள். அப்படி உருவான பிக்குகள் பிரிவான சியாம் நிக்காயவின் இரு தலைமைப் பீடங்களில் ஒன்று இன்றும் மல்வத்தைதான். தூதனுப்பிய அரசனோ தென்னிந்திய நாயக்கர் வம்சம். தூதர்கள் போனது ஒல்லாந்தர் கப்பலில்! பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

பேராதனையில் கதை குறைவு, கண்ணுக்கு விருந்து அதிகம். வெளிநாட்டுத் தலைவர்கள் நட்ட மரங்கள் வரிசையாக நிற்கும். 1961இல் விண்வெளி வீரர் யூரி ககாரினும் ஒன்று நட்டார். அப்போது இலங்கையை ஆண்ட பிரிட்டனின் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜாகப் பின்னாளில் ஆனவர் 1901இல் நட்ட நாகலிங்க மரத்தை நட்புக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆனால் அடிமரத்திலேயே பூத்து, படமெடுத்து நிற்கும் அந்தப் பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

பிள்ளைகளோடு போனால் பேராதனைதான் சரி; டிக்கெட் எடுக்க வேண்டும். மல்வத்தைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை, அப்புறம் வெறுங்கால்.