மாதவிலக்கு நாட்களில் ஓ.ஆர்.எஸ். பவுடர்: வாங்கலாமா?

ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பவுடர். மெடிக்கலில் கிடைக்கும் பாக்கெட்டை முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவன அளவு என்றால் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 என்று இருக்கும். அட்டை டப்பாவில் வரும் இனிப்பு பானங்கள் வேறு ரகம். சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. இந்த அளவுக்கு ஒத்துவராத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ள 2025 அக்டோபரில் தடையும் வந்துவிட்டது.

மாதவிலக்கில் போகும் ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 80 மி.லி. தான். அதை ஈடுகட்ட தண்ணீர், மோர், ரசமே போதும். பாக்கெட் வீண் செலவு. முதல் இரண்டு நாள் வயிறு கலக்கிப் பேதியாகும் பெண்களுக்குத்தான் இது காசுக்கு மதிப்பு. கருப்பையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருள் குடலையும் முடுக்கிவிடுவதால் வருவது அது.

21 கிராம் பாக்கெட்டுக்கு ஆறிய குடிநீர் சரியாக ஒரு லிட்டர். பாதிப் பவுடரைக் கண்ணளவில் டம்ளரில் போடுவதுதான் வழக்கமான தப்பு: கரைசல் கெட்டியானால் குடல் நீரை இழுத்து பேதி கூடும். ஒரு டம்ளர் போதுமென்றால் 200 மி.லி.க்கான 4.2 கிராம் பாக்கெட் வாங்குங்கள். ஜூஸிலோ பாலிலோ கலக்க வேண்டாம். மடக்கு மடக்காகக் குடியுங்கள். 24 மணி நேரம் கழிந்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஆரஞ்சு வாசனை போட்டும் உப்புக் கரிப்பு நாக்கில் நிற்கிறது. சர்க்கரை சேர்த்து அதை மறைக்கக் கூடாது. பி.பி., சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். இதில் இரும்புச்சத்து கிடையாது. மணிக்கொரு நாப்கின் நனைகிறதென்றால் பாக்கெட்டை வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.