ட்ரையர் பெடஸ்டல்: இழுப்பறைக்குத் தாராளம், குழாய்க்குக் கஞ்சத்தனம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃப்ரண்ட் லோட் வாஷர்-ட்ரையர் ஜோடி வாங்கப் போனால், மிஷினை உயர்த்தி நிறுத்தும் மேடையான பெடஸ்டலையும் கடையில் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 27 அங்குல அகலம், 14 அங்குலத்தை ஒட்டிய உயரம், உள்ளே ஓர் இழுப்பறை, ஒன்றுக்கு 300 டாலர் பக்கம் விலை. இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அந்தக் காசு வீணில்லை. இழுப்பறைதான் ஏமாற்றம், பெரிய சோப்புத் திரவ பாட்டிலை நிறுத்தி வைக்க முடியாது, படுக்கத்தான் போட வேண்டும். தச்சு வேலை தெரிந்தால் தடித்த சட்டங்களும் முக்கால் அங்குல பிளைவுட்டும் போதும், செலவு பாதிகூட ஆகாது. ஆனால் வாஷரை மரமேடையில் ஏற்றினால் ஸ்பின் ஓடும்போது மேடையே அதிரும். ட்ரையருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கரன்ட் வயரும் எட்டுகிறதா என்று முதலிலேயே பாருங்கள். கேஸ் ட்ரையர் என்றால் பழைய கேஸ் குழாயை இழுத்து மாட்டாதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

உண்மையான வேலை பின்பக்கம் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 4 அங்குலத்தில் இருந்த காற்றுவாய், அதாவது ட்ரையரின் சூடான காற்று வெளியேறும் வாய், இப்போது 18 அங்குலத்துக்கு ஏறிவிட்டது; அந்தக் காற்று வீட்டுக்கு வெளியே போகும் சுவர்த் துளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பலர் சுருக்கம் சுருக்கமான ஃபாயில் குழாயை மாட்டி மிஷினைச் சுவரோடு தள்ளிவிடுகிறார்கள். குழாய் நசுங்கும், மடிப்புகளில் துணியிலிருந்து உதிரும் பஞ்சு சேரும், ஒரு லோடு காய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வெள்ளை பிளாஸ்டிக் குழாயைத் தொடவே வேண்டாம், அது தீப்பிடிக்கும்.

இந்த இடைவெளிக்கென்றே இருப்பது பெரிஸ்கோப் எனப்படும் தட்டையான தகரக் குழாய். இரண்டரை அங்குலத் தடிமன்தான், மிஷின் சுவரை ஒட்டியே நிற்கும். இதற்கு முழு மார்க் கொடுக்கலாம், அளவு பொருந்தினால். பரவலாகக் கிடைப்பது 18 முதல் 30 அங்குலம் வரை நீள்வது. நமக்கு வேண்டிய 14 அங்குலத்துக்கு அதைச் செங்குத்தாக மாட்ட முடியாது. காற்றுவாய் துளையிலிருந்து 12 அங்குலம் பக்கவாட்டில் விலகி நின்றால் குழாய் சாய்ந்து, பதினெட்டரையில் கச்சிதமாக உட்காரும். துளையின் நடுவிலிருந்து காற்றுவாயின் நடுவுக்கு அளந்த பிறகே வாங்குங்கள். இடம் போதாவிட்டால் சற்று விறைப்பான அலுமினியக் குழாய் போடலாம்: 8 அடிக்கு மிகாமல், சுவருக்குள் நுழைக்காமல், பின்னால் ஐந்தாறு அங்குலம் விட்டு.

இணைப்புகளில் அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டுங்கள். துணி டேப் சூட்டில் உரிந்துவிடும். பெரிஸ்கோப்பின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் விளிம்பிலும் ஒரு சுற்று வேண்டும், காற்று கசிவது பெரும்பாலும் அங்கேதான். உள்ளே துருத்தும் திருகு பஞ்சைப் பிடித்து வைக்கும். அடுத்த குழாய்க்குள் நுழையும்படி விளிம்பைச் சுருக்கிய முனை எப்போதும் காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி 4 அங்குலக் குழாயின் மொத்த நீளம் 35 அடிக்கு மிகக்கூடாது. சாதாரண 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்து மூடியில் கொசுவலை மாதிரி எதுவும் கூடாது. பஞ்சு அதில் படிந்து அடைத்துவிடும். ட்ரையரை ஓடவிட்டு வெளியே போய்ப் பாருங்கள், மூடி முழுசாகத் திறந்திருக்க வேண்டும்.

பெரிஸ்கோப்பின் ஒரே குறை, அதன் மூலைகளுக்குள் பிரஷ் நுழையாது. வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித்தான் தட்ட வேண்டும். பெடஸ்டலில் ஏறிய மிஷினை முன்னால் இழுப்பதும் லேசான வேலையில்லை.