கத்துகிற இடமும் கத்தாத இடமும்: பைடான்டிக்-செட்டிங்ஸ், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

பைத்தான் செயலியின் கான்ஃபிக்கை, அதாவது அதன் அமைப்புகளை, படிக்க நூலகமே தேவையில்லை, சூழல் மாறிகளைத் தரும் ஓஎஸ்.என்விரான் போதும் என்பார்கள். முதல் மாதம் வரைக்கும் போதும். சூழல் மாறிகளில் (செயலிக்கு வெளியிலிருந்து வரும் பெயர்-மதிப்பு இணைகளில்) வருவதெல்லாம் வெறும் சரம். டிபக் என்ற மாறியில் 'ஃபால்ஸ்' என்று எழுதி, அதை, உண்மையா பொய்யா என்று சொல்லும் பைத்தானின் பூல்() உள்ளே போட்டால் கிடைப்பது ட்ரூ, ஏனென்றால் காலியாக இல்லாத சரம் எல்லாமே ட்ரூதான். புரொடக்‌ஷனில் பிழைப் பக்கம் ஊருக்கே திறந்து கிடக்க இந்த ஒரு வரி போதும். அமைப்புகளை வகையோடு சரிபார்த்துப் படிக்கும் பைடான்டிக்-செட்டிங்ஸ் நூலகத்தைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் இதில் சூடு பட்டவர்கள்.

பைடான்டிக்-செட்டிங்ஸில் பேஸ்செட்டிங்ஸ் என்ற வகுப்பிலிருந்து நம் வகுப்பை எடுத்து, ஒவ்வொரு அமைப்புக்கும் பெயரும் வகையும் எழுதிவிட வேண்டும். செயலி எழும்போதே அது சூழலைப் படித்து, எண் எண்ணாக இருக்கிறதா, யூஆர்எல் யூஆர்எல்லாக இருக்கிறதா என்று பார்க்கும். பூலுக்கு 1, ட்ரூ, யெஸ், ஆன் என்பவற்றையும் அவற்றின் எதிர்களையும் ஏற்கும். பூலுக்கோ எண்ணுக்கோ காலிச் சரம் வந்தால் மறுக்கும். அதை 'மதிப்பே இல்லை' என்று கொள்ள வேண்டுமானால் என்வ்_இக்னோர்_எம்ப்டி என்பதை இயக்க வேண்டும். நாலு அமைப்பு தப்பாக இருந்தால் நாலையும் ஒரே பிழைச்செய்தியில் சொல்லும். ஒன்றைத் திருத்தி ஓட்டி அடுத்ததில் முட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை. பைடான்டிக்கின் அடிப்படை வகுப்பான பேஸ்மாடலில் இல்லாத ஒரு நல்ல பழக்கமும் இதற்கு உண்டு. இயல்பு மதிப்புகளையும் சரிபார்க்கும். டைம்அவுட் எண்ணாக இருக்க வேண்டிய இடத்தில் இயல்பாக '30s' என்று எழுதியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நேரடியாக வகுப்புக்குக் கொடுத்தது முதலில், அடுத்து சூழல் மாறி, அடுத்து என்வ் கோப்பு (மாறிகளை வரிக்கு ஒன்றாக எழுதி வைக்கும் கோப்பு), பிறகு சீக்ரெட்ஸ் கோப்புறை (ரகசியத்துக்கு ஒரு கோப்பு), கடைசியாக இயல்பு மதிப்பு. கட்டளை வரியையும் படிக்கச் சொன்னால் அது எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காரும். "என்வ் கோப்பில் மாற்றினேன், மாறவே இல்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், அதே பெயரில் ஷெல்லில் ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்து வைத்த மாறி.

பழைய குறியீட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2023 ஜூனில் பைடான்டிக் 2 வந்தபோது பேஸ்செட்டிங்ஸ் தாய்ப் பொதியிலிருந்து பிரிந்து தனிப் பொதியானது. பழைய இம்போர்ட் உடனே பிழை தரும், அது பிரச்சினையே இல்லை. சிக்கல் ஆப்ஷனல் வகையில். முதல் பதிப்பில் ஆப்ஷனல் என்று எழுதினாலே இயல்பு மதிப்பு நன் (மதிப்பில்லை) என்று எடுத்துக்கொண்டது; இரண்டாம் பதிப்பில் '= நன்' என்று எழுதாவிட்டால் அது கட்டாயப் புலம். ஃபீல்டுக்குள் கொடுத்த என்வ் என்ற சொல்லும் போய், இடத்தில் வேலிடேஷன்_ஏலியஸ் வந்தது. அப்படி ஏலியஸ் கொடுத்த புலத்துக்கு, மாறிப் பெயர்களின் முன்னொட்டான என்வ்_ப்ரிஃபிக்ஸ் ஒட்டாது. முன்னொட்டு எல்லாவற்றுக்கும் பொது என்று நம்பி ஏலியஸில் அதை விட்டுவிட்டால், மாறி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் 'காணவில்லை' என்று வரும்.

இனி, இது கத்தாத இடம். என்வ்_ஃபைல் என்பதற்கு '.என்வ்' என்று மட்டும் கொடுத்தால், செயலி ஓடத் தொடங்கிய கோப்புறையில் மட்டும்தான் தேடும். மேல் கோப்புறைகளில் ஏறிப் பார்க்காது. கோப்பு இல்லாவிட்டால் எச்சரிக்கைகூட வராது. உங்கள் மடிக்கணினியில் புராஜெக்ட் கோப்புறையிலிருந்து ஓட்டுவதால் எல்லாம் சரியாக நடக்கும். சர்வரில் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை இயக்கும் நிரல்) வழியாக ஓட்டும்போது வொர்க்கிங்டைரக்டரி எழுத மறந்தால் செயலி நிற்குமிடம் '/'. அங்கே என்வ் கோப்பு இல்லை. எல்லாப் புலத்துக்கும் இயல்பு மதிப்பு இருந்தால் செயலி சிரித்த முகத்தோடு எழுந்து, லோக்கல்ஹோஸ்ட் தரவுத்தளத்தோடு பேசப் போகும். அந்தச் சர்வரிலேயே பழைய போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், தவறு நாள்கணக்கில் வெளியே தெரியாது.

இதற்கு மருந்து இரண்டு. செட்டிங்ஸ் எழுதியிருக்கும் பைத்தான் கோப்பின் இடத்திலிருந்து முழுப் பாதையைக் கணக்கிட்டுக் கொடுப்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, இயல்பு மதிப்பில் கஞ்சத்தனம். லாக் நிலை, பக்கத்துக்கு எத்தனை வரிசை, டைம்அவுட் மாதிரி தப்பானாலும் குடிமுழுகாதவற்றுக்கு மட்டும் இயல்பு மதிப்பு போதும். தரவுத்தள யூஆர்எல், சீக்ரெட் கீ, கட்டண வாயிலின் சாவி இவற்றுக்கு வேண்டவே வேண்டாம். வசதிக்காக 'சேஞ்ச்மீ' என்று ஒன்றை வைத்தால் அது ஒருநாள் புரொடக்‌ஷனுக்குப் போய்ச் சேரும்.

கோப்பு கிடைத்துவிட்டால் நிலைமை தலைகீழ், அளவுக்கு மீறிக் கத்தும். வகுப்பில் இல்லாத பெயர் சூழலில் இருந்தால் கண்டுகொள்ளாது, ஆனால் அதே பெயர் என்வ் கோப்பில் இருந்தால் 'கூடுதல் உள்ளீட்டுக்கு அனுமதியில்லை' என்று நிறுத்திவிடும். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் கம்போஸுக்கும் முகப்புச் செயலிக்கும் சேர்த்து ஒரே என்வ் கோப்பை வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதில் மாட்டுவார்கள். முன்னொட்டு வைத்தாலும் தப்ப முடியாது, கோப்பிலுள்ள எல்லாவற்றையும் பார்க்கும். எக்ஸ்ட்ரா என்பதை 'இக்னோர்' ஆக்கினால் அமைதி. ஆனால் அதோடு, பெயரில் நேரும் எழுத்துப்பிழையைப் பிடிக்கும் வசதியும் போய்விடும். கோப்பைப் பிரித்து வைக்க முடிந்தால் பிரிப்பதே மேல்.

அந்த என்வ் கோப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே கோப்பை ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள், இதில் நூலகத்தின் மேல் குற்றமில்லை. 'டிபக்=ஃபால்ஸ் # பிறகு மாற்று' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். இந்த நூலகம் உள்ளே பயன்படுத்தும் பைத்தான்-டாட்என்வ், இடைவெளிக்குப் பின் வரும் # குறியிலிருந்து எல்லாவற்றையும் குறிப்பு என்று வெட்டிவிடும். அதே கோப்பை டாக்கர் ரன் கட்டளைக்கு --என்வ்-ஃபைல் வழியாகக் கொடுத்தால், வரியின் தொடக்கத்தில் உள்ள # மட்டுமே குறிப்பு. மதிப்பு 'ஃபால்ஸ் # பிறகு மாற்று' என்று முழுசாக உள்ளே வரும், பூல் சோதனையில் விழும். மேற்கோள் குறியும் அப்படித்தான். டாட்என்வ் உரித்தெடுக்கும், டாக்கர் ரன் மேற்கோளையும் மதிப்பின் பகுதியாகவே வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தரவுத்தளம் மறுக்கிறது என்றால், அதன் இரு முனையிலும் மேற்கோள் குறி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம்டியின் என்விரான்மென்ட்ஃபைல் மேற்கோளை உரிக்கும், ஆனால் வரி நடுவிலுள்ள # அதற்குக் குறிப்பில்லை. வரி முதலில் 'எக்ஸ்போர்ட்' என்று எழுதுவதையும் ஏற்காது. டாட்என்வ் அதை ஏற்கும். பல இடத்தில் படிக்கப்படும் கோப்பானால் மேற்கோளும் வேண்டாம், வரி நடுவே குறிப்பும் வேண்டாம், எக்ஸ்போர்ட்டும் வேண்டாம். பாஸ்வேர்டை எழுத்தும் எண்ணுமாக மட்டும் உருவாக்கி, நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டியல் வகைப் புலங்களுக்கு மதிப்பை ஜேசானாக எதிர்பார்க்கும். அனுமதித்த ஹோஸ்டுகளை '["அ.காம்","ஆ.காம்"]' என்று எழுத வேண்டும், காற்புள்ளி போட்டு எழுதினால் செட்டிங்ஸ்எரர். எல்லாப் பிழையையும் சேர்த்துச் சொல்லும் அந்த நல்ல குணம் இங்கே வேலை செய்யாது, முதல் பட்டியலிலேயே நின்றுவிடும். சூழல் மாறிக்குள் ஜேசான் எழுதுவது ஷெல், யாம்ல், மேற்கோள் மூன்றோடும் மல்லுக்கட்டுவதாகும். ஜேசானாகப் படிக்காதே என்று சொல்லும், பிந்தைய பதிப்புகளில் உள்ள நோடீகோட் குறிப்பைப் புலத்தில் சேர்த்து, வகைச் சோதனைக்கு முன் ஓடும் 'பிஃபோர்' வகை வேலிடேட்டர் ஒன்றில் காற்புள்ளியில் பிரித்துக்கொள்வது நிம்மதி.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. வகுப்பில் ரெடிஸ்_போர்ட் என்று ஒரு முழு எண் புலம், இயல்பு மதிப்பு 6379. மாதக்கணக்கில் ஓடும். ஒருநாள் அதே நேம்ஸ்பேஸில் 'ரெடிஸ்' என்ற பெயரில் ஒரு சர்வீஸ் உருவாக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்களுக்கு (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகளுக்கு) ஒன்றும் ஆகாது. அடுத்த முறை பாட் புதிதாக எழும்போது 'முழு எண்ணாக மாற்ற முடியவில்லை' என்று விழும். காரணம், குபர்நெட்டிஸ் தன் சர்வீஸ்களின் முகவரியைப் பாட்களுக்குள் சூழல் மாறிகளாகத் தானே திணிக்கிறது. ரெடிஸ்_போர்ட் என்ற பெயரில் அது வைப்பது எண்ணல்ல, 'டிசிபி://10.0.0.11:6379' மாதிரியான முழு முகவரி. சூழல் மாறி இயல்பு மதிப்பையும் என்வ் கோப்பையும் முந்தும் என்பதால் அதுவே ஜெயிக்கிறது. குறியீட்டில் யாரும் கைவைக்காத நாளில் விழுவதால் தேடுவதும் கடினம். பாட் வரையறையில் எனேபிள்சர்வீஸ்லிங்க்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கலாம். அதைவிட, தொடக்கத்திலேயே என்வ்_ப்ரிஃபிக்ஸ் வைத்துவிடலாம். முன்னொட்டில்லாமல் 'யூசர்' என்று ஒரு புலம் வைத்துப் பாருங்கள், லினக்ஸில் உள்நுழைந்தவரின் பெயர் வந்து உட்காரும். பெயரின் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை இயல்பாக இது பார்ப்பதில்லை என்பதால் வரும் வினை இது.

உள்ளடுக்கு அமைப்புக்கு என்வ்_நெஸ்டட்_டிலிமிட்டரை இரண்டு அடிக்கோடாக வையுங்கள். டிபி__ஹோஸ்ட் என்று எழுதினால் டிபிக்குள் ஹோஸ்ட். ஒற்றை அடிக்கோடு வைத்தால் டிபி_பூல்_சைஸ் மூன்று அடுக்காக உடைந்துபோகும். உள்வகுப்பு பேஸ்மாடலாக இருக்க வேண்டும். அதையும் பேஸ்செட்டிங்ஸ் ஆக்கினால் அது தனியாகப் போய்ச் சூழலைப் படித்துக்கொண்டு வரும், யார் மதிப்பு யாருக்கு என்று தெரியாமல் குழம்பும்.

ரகசியங்கள் விஷயத்தில்தான் இந்த நூலகத்தின் மேல் உண்மையான மனத்தாங்கல். சீக்ரெட்ஸ்டர் வகை நன்றாகவே இருக்கிறது. அச்சிட்டாலும் லாக் செய்தாலும் பத்து நட்சத்திரக் குறி மட்டும் தெரியும், உண்மையான மதிப்புக்கு கெட்_சீக்ரெட்_வேல்யூ கூப்பிட வேண்டும். ஆனால் அந்தத் திரை சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் விழுகிறது. ஒரு கட்டாயப் புலம் விடுபட்டால், 'புலம் தேவை' என்ற பிழைச்செய்தியில் இன்புட்_வேல்யூ என்று அதுவரை சேர்த்த உள்ளீட்டு அகராதியையே காட்டும். அதில் தரவுத்தள பாஸ்வேர்டு பச்சையாக இருக்கும். நீளமானால் நடுவில் வெட்டும்தான், ஆனால் சின்ன பாஸ்வேர்டு முழுசாகவே தெரியும். மேலே சொன்ன 'கூடுதல் உள்ளீடு' பிழையிலும் அந்த வேண்டாத மாறியின் மதிப்பு அப்படியே வரும். டிப்ளாய் லாக்கைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஹைட்_இன்புட்_இன்_எரர்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் இது நிற்கும். செட்டிங்ஸ் வகுப்புக்கு இதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

சோதனைகளுக்கு வந்தால், தொகுதியின் மேல்மட்டத்தில் செட்டிங்ஸ்() என்று எழுதி வைக்காதீர்கள். இம்போர்ட் செய்யும்போதே சூழலைக் கேட்டு அடம்பிடிக்கும். முதல் விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் எல்ஆர்யு_கேஷ் போட்ட ஒரு செயற்கூறுக்குள் உருவாக்குங்கள். சோதனையில் சூழலை மாற்றிய பின் கேஷ்_கிளியர் அழைக்க மறக்காதீர்கள். மறந்தால் முதல் சோதனையின் மதிப்பே கடைசி வரை ஓடும். _என்வ்_ஃபைல் என்பதற்கு நன் கொடுத்து உருவாக்கினால், அவரவர் கணினியிலுள்ள என்வ் கோப்பு சோதனைக்குள் புகாது.

யாம்ல், டாம்ல் கோப்புகளையும் படிக்கும். யாம்ல்_ஃபைல் என்று பாதையைக் கொடுப்பது மட்டும் போதாது, செட்டிங்ஸ்_கஸ்டமைஸ்_சோர்சஸ் என்ற முறையில் அந்த மூலத்தைச் சேர்க்க வேண்டும். நார்வேயின் நாட்டுக் குறியை மேற்கோள் இல்லாமல் 'நோ' என்று எழுதினால் யாம்ல் அதை ஃபால்ஸ் ஆக்கிக் கொடுக்கும். சரப் புலம் அதை மறுக்கும், நல்லவேளை.

சின்ன ஸ்கிரிப்டுக்கு இது வேண்டாம். டெவலப்மென்ட், புரொடக்‌ஷன் என்று அடுக்கடுக்காகக் கோப்பிலேயே வைத்துப் பழகியவர்களுக்கு டைனாகான்ஃப் என்ற நூலகம் இயல்பாக இருக்கும். மற்ற சர்வீஸ்களுக்கு இதையே வையுங்கள், கூடவே செட்டிங்ஸை உருவாக்கிவிட்டு உடனே முடியும் ஒற்றை வரிக் கட்டளை ஒன்றையும் டிப்ளாயில் சேருங்கள். அது செயலி ஓடப்போகும் அதே கன்டெய்னரில், அதே சூழலோடு ஓட வேண்டும். பில்டு கணினியில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. பாட்களைப் படிப்படியாக மாற்றும் குபர்நெட்டிஸ் ரோலிங் அப்டேட்டில் புதிய பாட் எழாவிட்டால் பழையது வேலையைத் தொடரும். சிஸ்டம்டியில் அந்தக் கட்டளையை, சேவை தொடங்குமுன் ஓடும் எக்செக்ஸ்டார்ட்ப்ரீயில் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், சோதனை தோற்பதற்கு முன்பே பழைய செயலி நிறுத்தப்பட்டிருக்கும். அங்கே ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் தனியாக ஓட்டிப் பாருங்கள்.