சுழற்சியா, நட்சத்திரமா?

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பு வரிசை வீரர்களுக்கு (முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை மறிப்பவர்கள்) ஆட்ட நேரத்தைப் பங்கிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏழெட்டு பேரை மாற்றி மாற்றி இறக்குவது. பிலடெல்பியா ஈகிள்ஸ் பாணி. இன்னொன்று, சிறந்தவரை வெளியே எடுக்காமல் விடுவது. ராம்ஸ் அணி ஆரோன் டொனால்டை அப்படித்தான் வைத்திருந்தது.

டொனால்டு மாதிரி ஆள் இருந்தால் இரண்டாவது வழி சரிதான். 2018-ல் அவர் எடுத்தது 20.5 சேக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறியுமுன்பே வீழ்த்துவது; இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). 2022 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் கடைசி நிமிடத்தில், நாலாவது டவுனில் (எதிரணியின் கடைசி முயற்சி), அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றி ஆட்டத்தையே முடித்தார். ஆனால் அப்படி ஒருவர் எத்தனை அணிக்குக் கிடைப்பார்?

என் ஓட்டு சுழற்சிக்குத்தான். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும்) 140 கிலோ ஆளை முட்டித் தள்ள வேண்டும்; நான்காம் கால்பகுதியில் கால் ஓய்ந்துவிடும். ஈகிள்ஸ் வீரர் பிராண்டன் கிரஹாம் 2022-ல், 34 வயதில், பாதிக்கும் குறைவான நேரமே ஆடி 11 சேக் எடுத்தார். அந்த ஆண்டு ஈகிள்ஸ் அணி எடுத்த மொத்த சேக் 70. இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான் குதிகால் தசைநார் அறுந்து உட்கார்ந்திருந்தவர்!

குறையும் உண்டு. எதிரணி ஆள் மாற்றாமல் வேகமாக ஆடினால், களைத்தவரே களத்தில் மாட்டிக்கொள்வார். நேரம் குறைந்தால் புள்ளிவிவரமும் குறையும், அடுத்த ஒப்பந்தத்தில் பேரம் பேசுவதும் கஷ்டம் என்று வீரர்கள் வருந்துவது நியாயம்தான். ஆனாலும் மில்டன் வில்லியம்ஸைப் பாருங்கள்: ஈகிள்ஸ் சுழற்சியில் ஆடியவர், 2025 சூப்பர் பவுலில் இரண்டு சேக் எடுத்தார், அடுத்த மாதமே பேட்ரியட்ஸ் அணி நான்காண்டுக்கு 10.4 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.