மதுரையிலிருந்து விமானத்தில் சைக்கிள்: அட்டைப் பெட்டியா, பையா, கெட்டிப் பெட்டியா?

சைக்கிளை விமானத்தில் ஏற்ற மூன்று வழி உண்டு. புது சைக்கிள் கடைக்கு வந்து இறங்கும் அட்டைப் பெட்டி, உருளை வைத்த துணிப் பை, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பறப்பவர் மதுரையிலிருந்து கிளம்புகிறார் என்றால், அட்டைப் பெட்டிதான் எங்கள் தேர்வு. விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. எடைதான் காரணம்.

உள்நாட்டு டிக்கெட்டில் செக்-இன் பொதிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். ரோடு சைக்கிள் 9, 10 கிலோ இருக்கும். அட்டையும் உள்ளே சுற்றும் ஃபோமும் 4 கிலோ. கணக்கு 15-க்குள் நின்றுவிடும். கெட்டிப் பெட்டியோ வெறுமனே 10 முதல் 13 கிலோ. அதே சைக்கிளை அதில் வைத்தால் 20 கிலோவைத் தாண்டி, போகும்போதும் வரும்போதும் கூடுதல் கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். இன்னொன்று, லடாக்கில் உள்ள லே நகரில் இறங்கி மணாலிக்கு ஓட்டிப்போகிறவர் அந்தப் பெட்டியை எங்கே போட்டுவிட்டுப் போவார்? அட்டை என்றால் அங்கேயே கழித்துவிட்டு, ஊர் திரும்பும் இடத்தில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அட்டை 5 பிளை, அதாவது ஐந்து அடுக்கு, இருக்க வேண்டும்; 3 பிளை ஒரு தடவை கீழே விழுந்தாலே மூலை பிளந்துவிடும். அடுத்தது நீளம். ரோடு சைக்கிளில் சக்கர மையங்களுக்கு நடுவே சுமார் 100 செ.மீ., பின் சக்கரத்தின் ஆரம் 34 செ.மீ. ஆக முன் சக்கரத்தை மட்டும் கழற்றினால் 134 செ.மீ. வரும், சுமார் 137 செ.மீ. பெட்டியில் உட்கார்ந்துவிடும். 29 அங்குலச் சக்கரம் உள்ள எம்.டி.பி.யில் (மலைப்பாதை சைக்கிள்) இந்தக் கூட்டல் 150 செ.மீ. வரை போகும், பின் சக்கரத்தையும் கழற்றியாக வேண்டும். பெட்டியைக் கடைசி நாளில் தேடாதீர்கள். கடைக்காரர் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

பெட்டியின் வேலை பாதிதான், மீதி உள்ளே இருக்கிறது. சைக்கிள் ஃபிரேமின் குழாய்களுக்குச் சுற்ற, ஏ.சி. உதிரிபாகக் கடையில் கிடைக்கும் கறுப்பு இன்சுலேஷன் குழாயைவிட நல்ல பொருள் கிடையாது. 1 1/8 அங்குல அளவில் வாங்கி நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். பபிள் ஷீட் ஓர் உரசலிலேயே வெடித்துப்போகும்.

முதலில் பெடல். 15 மி.மீ. ஸ்பேனரோ, உள்ளே ஆறுமுகத் துளை இருந்தால் 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீயோ வேண்டும். இடது பெடலுக்கு மறை தலைகீழ். குழப்பமே வேண்டாம்: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டுமே கழலும்.

அதிகம் சேதமாவது பின் டிரெய்லியரை, அதாவது பின் சக்கரத்தில் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவியை, தாங்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு. அது வளைவதற்கென்றே மெலிதாகச் செய்யப்பட்டது. பெட்டியை யாராவது அந்தப் பக்கமாகச் சாய்த்துப் போட்டால் போதும், கியர் ஒழுங்காக விழாது. 5 மி.மீ. ஆலன் கீயால் டிரெய்லியரைக் கழற்றி, செயினோடு ஃபோமில் சுற்றி, ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கள். அந்த சைக்கிள் மாடலுக்கான உதிரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். வெளியூரில் அது கிடைப்பது அரிது.

முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசர் கட்டாயம். குயிக் ரிலீஸ் (நெம்பி கழற்றும் மெல்லிய அச்சு) ஃபோர்க்குக்கு 100 மி.மீ. அளவு. புது சைக்கிளோடு வரும் இதைக் கடைகளில் எறிந்துவிடுவார்கள், பெட்டியோடு சேர்த்துக் கேளுங்கள். இது இல்லாமல் மேலே சுமை ஏறினால் ஃபோர்க் கால் உள்ளே நசுங்கும். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் கழன்றதும் பேடுகளுக்கு நடுவே ஒரு துண்டு செருகுங்கள். மடித்த கெட்டி அட்டைகூடப் போதும். ஹைட்ராலிக் பிரேக்கில் ரோட்டார் என்ற பிரேக் தட்டு நடுவே இல்லாத நேரத்தில் லீவர் அமுங்கினால் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், சக்கரம் திரும்ப ஏறாது. ஆறு போல்ட் ரோட்டாரை டி25 சாவியால் கழற்றித் தனியே வையுங்கள்.

பின் சக்கரமும் கழன்றால் மொத்த எடையும் பெடல் பக்கத்துப் பல்சக்கரமான செயின்ரிங்கின் பல்லில் இறங்கும். அடியில் தடித்த ஃபோம் கட்டை வைக்காவிட்டால் பல் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். சக்கரத்தின் அச்சு முனைகளுக்கும் மூடி வேண்டும். டயரில் காற்றை முழுக்க இறக்காதீர்கள், 30 பி.எஸ்.ஐ. விடுங்கள். வெளியே காற்றே இல்லாவிட்டாலும் டயருக்குள் கூடுவது 15 பி.எஸ்.ஐ.க்குக் குறைவுதான், தட்டையான டயரில் ரிம்தான் அடிபடும்.

பெட்டியின் இரு முனையிலும் கைப்பிடித் துளை வெட்டி, ஓரத்துக்கு டேப் ஒட்டுங்கள். பிடிக்க இடம் இல்லாத பெட்டியைத் தரையோடு இழுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிப்பகுதி நனைந்தால் அட்டை வலு இழக்கும். கீழே ஒரு முழ உயரத்துக்கு வெளியே சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டிவிடுங்கள். படுக்கவைத்தால் செயின் இருக்கும் பக்கம் மேலே வரவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொல்லலாம், அதனால் ஒரு டேப் உருளை கைப்பையில் இருக்கட்டும்.

இனி விமானம். டிக்கெட் எடுக்கும்போதே அதன் வகையைப் பாருங்கள். மதுரை–சென்னை தடத்தில் ஏ.டி.ஆர். என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம் வந்தால் பொதி அறை சிறிது. இடம் இல்லையென்றால் பெட்டி அடுத்த விமானத்துக்குப் போகும். பெட்டியின் மூன்று அளவையும் கூட்டினால் 235 செ.மீ.யை நெருங்கும். 158-ஐத் தாண்டினாலே பெரிய பொதி என்று கணக்கிடும் நிறுவனங்கள் பல, ஆகையால் முன்கூட்டியே சொல்லி, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு சென்னையில் மாறுகிறீர்கள், இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அட்டைப் பெட்டியின் பெரிய குறை இங்கேதான் தெரியும், அதற்கு உருளை கிடையாது. பெருங்குடி விமான நிலையத்துக்குக் கொண்டுபோக ஆட்டோ சரிப்படாது. பின் சீட்டை மடித்த ஆம்னியோ குட்டி யானையோ பேசுங்கள்.

துணிப் பை இந்த இழுபறிக்கு நல்ல விடை. 8, 9 கிலோ எடை, மடித்து அலமாரியில் வைக்கலாம். ஹேண்டில்பாரைக் கழற்றாமலே வைக்கும் வகையும் உண்டு. ஆனால் பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் காப்பது மெல்லிய தகடும் ஃபோமும்தான், ஹேங்கர் பற்றிச் சொன்னது இங்கும் அப்படியே பொருந்தும். பந்தயங்களுக்கு அடிக்கடி பறப்பவர் வாங்கலாம். கெட்டிப் பெட்டி கார்பன் ஃபிரேம் வைத்திருந்து, ஒரே ஊரில் தங்கித் திரும்புபவருக்கு மட்டும்.

எந்தப் பெட்டியானாலும் விளக்கின் உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வரவேண்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்சைக்கிள் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஸ்பேனர், ஆலன் கீ எல்லாம் பெட்டிக்குள் போகட்டும்.

கவுன்டரில் ஒப்படைக்கும் முன் உள்ளேயும் வெளியேயும் படம் எடுங்கள். சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்டால், படித்துவிட்டுப் போடுங்கள். இறங்கிய ஊரில் பெட்டி கிழிந்திருந்தால் அங்கேயே திறந்து பார்த்து, பொதி எடுக்கும் கூடத்தைவிட்டு வெளியேறும் முன் விமான நிறுவனத்தின் கவுன்டரில் பதிவு செய்யுங்கள். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பொதிச் சேதத்துக்கு எழுத்துப் புகார் தர 7 நாள்தான் அவகாசம்.