சிலிக்கோன் காற்றுக்குழாய்: குழாய் தேறியது, கிளாம்ப் தேறவில்லை

காற்று வடிகட்டிப் பெட்டிக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் வளைந்து செல்லும் ரப்பர் குழாய் என் பழைய பெட்ரோல் காரில் வெடித்துப்போனது. அதற்குப் பதிலாக, கார் நிறுவனத்தின் பாகத்தை வாங்காமல் வெளித் தயாரிப்பாளர் ஒருவரின் சிலிக்கோன் குழாயை வாங்கிப் பொருத்தினேன். கடும் வெயிலிலும் மழையிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். குழாய் நல்ல குழாய். அதோடு வரும் கிளாம்புகள், அதாவது முனைகளை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள், மட்டம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் "கூடுதல் குதிரைத்திறன்" என்ற வாக்கை யாரும் நம்ப வேண்டாம்.

பழைய குழாய் கெட்ட விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் புதியதில் எதைப் பார்த்து வாங்குவது என்பது விளங்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் சற்றுச் சாய்ந்து திரும்புகிறது. வடிகட்டிப் பெட்டியோ வண்டியின் உடலோடு திருகப்பட்டு அசையாமல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் குழாயின் நடுவே கொல்லன் துருத்தியைப் போல மடிப்புகள் வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் வெப்பமும், எஞ்சினின் அடிப்பகுதியான கிரேங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் ஆண்டுக்கணக்கில் ரப்பரைத் தின்றுவிடுகின்றன. விரிசல் மடிப்பின் பள்ளத்தில்தான் விழும். மேலிருந்து பார்த்தால் குழாய் புத்தம் புதிதாகத் தெரியும். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, இரு கையாலும் மடிப்பை விரித்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். என் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு மடிப்பு ஏறக்குறைய பாதிச் சுற்றளவுக்குப் பிளந்திருந்தது.

இந்தப் பிளவு காரை எப்படிக் குழப்புகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை அறியாமல் பலர் நல்ல சென்சார்களைத் தூக்கி எறிகிறார்கள். உள்ளே போகும் காற்றை எம்ஏஎஃப் சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்கு ஏற்ப எஞ்சின் கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. சென்சாரைத் தாண்டிய இடத்தில் குழாய் பிளந்திருந்தால், அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. கலவை மெலிந்துபோகிறது. புகைப்போக்கியில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அதைச் சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஓர் எல்லைக்கு மேல் கூட்ட முடியாதபோது எச்சரிக்கை விளக்கு எரிகிறது. என் காரில் வந்த குறியீடு பி0171, அதாவது கலவை மெலிந்துவிட்டது என்ற எச்சரிக்கை. எரிபொருள் திருத்த அளவு, அதாவது கணினி கூட்டித் தெளிக்கும் பெட்ரோலின் அளவு, 20 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓரளவு சீராகவே ஓடியது. முதல் கியரில் கிளம்பும்போதுதான் திக்கித் தடுமாறியது. த்ராட்டில் மூடியிருக்கையில் குழாய்க்குள் உறிஞ்சும் விசை மிகக் குறைவு. மிதித்ததும் காற்றோட்டம் பெருகுகிறது, எஞ்சினும் சாய்ந்து பிளவை அகலத் திறந்துவிடுகிறது. த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள கசிவு இதற்கு நேர்மாறாக, நிற்கும்போதுதான் அதிகம் படுத்தும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எந்தப் பக்கம் தேடுவது என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

எம்ஏஎஃப் இல்லாமல், த்ராட்டிலைத் தாண்டிச் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து கணக்கிடும் கார்கள் உண்டு. அவற்றில் இந்தக் குழாய் பிளந்தாலும் விளக்கு எரியாது, தடுமாற்றமும் இருக்காது. எனக்கு அதுதான் பெரிய கவலையாகப் படுகிறது. வடிகட்டியைத் தாண்டிய பிளவு வழியே தூசி நேராகச் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் வளையங்களையும் சுவர்களையும் அரைத்துக்கொண்டிருக்கும். வண்டி எதுவும் சொல்லாது. ஆகவே எந்தக் காராக இருந்தாலும், வடிகட்டி மாற்றும்போதெல்லாம் குழாயையும் விரித்துப் பாருங்கள்.

சரி, புதிய குழாய். கார் நிறுவனத்தின் பாகம் தனியாகக் கிடைக்கவில்லை. ஒலியடக்கும் அதிர்வறை, கூடுதல் குழாய்கள் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியாகத்தான் தருவார்களாம். அதனால்தான் வெளித் தயாரிப்புக்குப் போனேன். ரப்பரில் செய்த நகலும் இருந்தது. ஆனால் கையில் எடுத்தபோதே மடிப்புகளின் சுவர் மெலிந்திருந்தது. சிலிக்கோன் குழாயில் பாலியெஸ்டர் துணி நான்கு அடுக்காகப் பொதியப்பட்டிருக்கிறது. சாதாரண ரப்பரைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

வளைவின் கோணம் மிகச் சரியாக இருந்தது. இரு முனைகளின் உள்விட்டத்தையும் வெர்னியர் வைத்து அளந்தேன். இரண்டும் பழைய குழாயோடு ஒத்துப்போயின. மடிப்புகள் மட்டும் குறைவு, பழையதில் பாதிகூட இல்லை. அதனால் விறைப்பாக இருந்து எஞ்சினின் ஆட்டத்தில் முனை நழுவுமோ என்று அஞ்சினேன். போனட்டைத் திறந்து வைத்து, உடனிருந்தவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முனை நழுவவில்லை. உறிஞ்சும் விசையில் சுவர் உள்வாங்கவும் இல்லை. மலிவான, அடுக்குத் துணி இல்லாத குழாய்கள் இந்த இடத்தில்தான் தோற்கும்.

என் காரில் சென்சார் வடிகட்டிப் பெட்டியின் மூடியில் இருப்பதால் குழாயை மாற்றியது அளவீட்டைப் பாதிக்கவில்லை. சில கார்களில் சென்சார் குழாயின் மேலேயே செருகப்பட்டிருக்கும். அங்கே உள்விட்டம் சிறிது மாறினாலும் கணினியின் கணக்கு தவறிவிடும். அப்படிப்பட்ட காருக்கு அளவு ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்யாமல் வாங்கவே கூடாது.

என்னைச் சினங்கொள்ள வைத்தது, கிரேங்க் கேஸின் ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் குழாய் செருகும் சிறுமுனை. எண்ணெய் ஆவி வந்து சேரும் இந்த முனையின் துளை தேவையைவிடப் பெரிது. குழாயைச் செருகினால் கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்வாக நின்றது. அதை அப்படியே விட்டிருந்தால் பழைய நோயே புது இடத்தில் தொடங்கியிருக்கும், அங்கேயும் அளக்கப்படாத காற்றுதானே நுழையும்? சிறிய கிளாம்ப் ஒன்றைத் தனியாக வாங்கி இறுக்கிய பிறகே சரியானது. இவ்வளவு நேர்த்தியாக வளைவை வார்த்தவர்கள் இந்தச் சிறு துளையில் கவனம் வைக்காததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெட்டியில் வந்த கிளாம்புகளை நான் பயன்படுத்தவே இல்லை. பட்டையில் நெடுக வெட்டுத்துளைகள் உள்ள திருகு வகை அவை. இறுக்கினால் மென்மையான சிலிக்கோன் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி அறுபடும். உட்புறம் வழவழப்பான பட்டை வைத்த கிளாம்புகளே சிலிக்கோனுக்கு ஏற்றவை.

பொருத்துவது எளிது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பழைய குழாயைக் கழற்றியதும் த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள், ரப்பர்த் துணுக்கு ஒன்றுகூட உள்ளே விழக்கூடாது. முனைகளில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம், வழுக்கிக் கழன்றுவிடும். ஓரிரு முறை நன்றாகச் சூடாகி ஆறியபின் கிளாம்புகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். என்னுடையவை கொஞ்சம் இளகியிருந்தன.

குறியீட்டை அழித்து ஓட்டியபின் எரிபொருள் திருத்தம் 5 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டது. கிளம்பும்போது இருந்த திக்கல் போய்விட்டது. மைலேஜ் பழைய நிலைக்குத் திரும்பியது. இழுவைத் திறன் கெடுவதற்கு முன் இருந்த அளவுதான், ஒரு துளியும் கூடவில்லை. கூடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. சாதாரண எஞ்சினில் இந்தக் குழாய் காற்றுக்குத் தடையாக இருப்பதே இல்லை. சத்தம் மட்டும் கூடியிருக்கிறது. தொழிற்சாலைக் குழாயின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வெற்று அறை, உறிஞ்சும் ஒலியை அடக்குவதற்காக வைக்கப்பட்டது. புதியதில் அது இல்லாததால், வேகமாக மிதித்தால் ஓர் உறுமல் கேட்கிறது. அதை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நெடுந்தூரப் பயணத்தில் எனக்கு அது தொல்லையாகவே இருக்கிறது.

சாதாரண சிலிக்கோனுக்கு எண்ணெய் ஆகாது, நாளடைவில் ஊறி மென்மையாகிவிடும். பிரீதர் முனையைச் சுற்றி உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. துடைத்து விரலால் அழுத்திப் பார்த்தேன், இதுவரை கெட்டியாகவே இருக்கிறது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்த காருக்கு இந்தக் குழாயை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே எண்ணெய் ஆவியும் அதிகம், டர்போவுக்குப் பிந்திய குழாய்களில் அழுத்தமும் அதிகம். அதற்கு, உள்ளே எண்ணெயைத் தாங்கும் ஃப்ளூரோசிலிக்கோன் பூச்சு உள்ளதையும், நட்டு போல்ட் வைத்து இறுக்கும் அகலக் கிளாம்பையும் கேட்டு வாங்குங்கள்.